பதினான்கு நிமிடம்

கயானியில், ஜனவரியில்,
பத்து மணியை ஒட்டித்தான் விடியும்.
அதற்குள் ரய்லி கெம்ப்பைனன்
நான்கு பேரைக் குளிப்பாட்டியிருப்பாள்.
ஐந்தாவது ஆள் தவெத்தி ஹெய்ஸ்கனன்.
மரம் சாய்த்த தோள்,
ஈரத் துண்டின் எடைக்கே நடுங்குகிறது.

நான் நகராட்சிக் கணக்கன்.
அந்த முதுகுக்கும் எனக்கும்
பழைய பழக்கம் உண்டு, காகிதத்தில்.

முதலில் அவர் மனைவி தேய்த்தாள்,
பதினோரு ஆண்டு.
அது எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

அவள் போனபின் ரய்லியை அனுப்பினோம்.
செலவு என்று எழுதினேன்.
பட்ஜெட் கூட்டத்தில் எல்லாரும்
அந்த வரியைத்தான் விரலால் தொட்டார்கள்,
கூரையில் ஒழுகும் இடத்தைத் தொடுவதுபோல.

பிறகு ஸ்டாக்ஹோம் கம்பெனி ஒன்று
இல்லத்தை வாங்கியது,
ரய்லியோடு, கிழவரோடு,
ஜன்னலோர ஜெரேனியத்தோடு.
அதே கை, அதே வெந்நீர்.
அவர்களுடைய காலாண்டு அறிக்கையில்
வளர்ச்சி நான்கு சதம்.
புள்ளிக்குப் பின்னால் எங்கோ
ஹெய்ஸ்கனனின் முதுகும் இருக்கிறது.

ஒரு குளியலுக்குப் பதினான்கு நிமிடம்.
பதினைந்தில் அவள் போன் அதிரும்.
கிழவர் அப்போது ஆற்றில் நிற்பார்,
இருபது வயதில், கட்டைகள் முட்டிக்கொண்டு
நகராமல் கிடந்த ஒரு வசந்தத்தில்.
மீதியை வியாழக்கிழமை சொல்வார்.
வியாழனும் பதினான்கு நிமிடம்தான்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்.
ஆளைத் தூக்கும் எந்திரம் வேண்டுமென்று
அவள் போட்ட மனு
ஆறு ஆண்டு என் மேசையில் தூங்கியது.
கம்பெனி ஆறே வாரத்தில் கொண்டுவந்து மாட்டியது.
ரய்லியின் இடுப்பு பிழைத்தது.
இரண்டு பேர் பார்த்த வேலைக்கு
ஒருத்தி போதும் என்பதும்
அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டது.

போன வாரம் ஒரு தாளோடு வந்தாள்.
ஓய்வூதிய நிதி எங்கெங்கே
பங்கு வாங்கியிருக்கிறது என்ற பட்டியல்.
"எழுத்து பொடி, நீ வாசி."
வாசித்துக்கொண்டே போனவன்
ஒரு பெயரில் நின்றேன்.
"அப்படியென்றால் என்னை விரட்டுவது யார்?"
"கொஞ்சம் நீயும்."
சிரித்தாள்.
கையுறையின் ஒரு விரலைத் தேடித் தேடி மாட்டினாள்.
கதவைத் திறந்தபோது
உள்ளே கொஞ்சம் பனி விழுந்தது.

இன்று கம்பெனியின் பில் வந்திருக்கிறது.
ஹெய்ஸ்கனன், குளியல், வியாழன்:
இருபத்திரண்டு நிமிடம்.
கூடுதல் எட்டுக்குக் காரணம் கேட்க வேண்டும்,
அது என் வேலை.
போனை எடுத்தேன்.

கட்டைகள் கடைசியில்
ஏரிக்குப் போய்ச் சேர்ந்தனவாம்.
பில்லில் கையெழுத்துப் போட்டேன்.