பத்து, இரண்டுக்கு முன்னால்

பழைய எண் 41, புதிய எண் 16.
தண்டையார்பேட்டையில் என் கதவில்
இரண்டும் இருக்கின்றன.
பிரியாணி கொண்டுவரும் பையன் போனில் கேட்கிறான்:
"எதுக்கா நெசம்?"
ரெண்டும்தான், கீழேயே நில்லு, வர்றேன்.

காசிமேட்டு ஏலக் கணக்கை
பைட்டுகளாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.
வட்டுக்கு எண் தெரியாது, தேதி தெரியாது.
இடமிருந்து வலமாக
ஒவ்வொரு பைட்டாய்த் தடவிப் பார்க்கும்.
சின்னது முன்னே, பெரியது பின்னே.
அவ்வளவுதான் அதன் படிப்பு.

முதல் நாள் பட்டியலில்
பத்தாம் நம்பர் படகு
இரண்டாம் நம்பருக்கு முன்னால் நின்றது.
தேசம்மா சிரித்தாள்.
"ஒண்ணு ரெண்டு யாரு சொல்லிக்குடுத்தது
ஒன் மெஷினுக்கு?"
எண்ணை எழுத்தாக எழுதியது என் தப்பு.
எட்டு பைட்டு ஒதுக்கினேன்,
பெரிய இலக்கம் முன்னால்,
காலி இடமெல்லாம் சுழியம்.

அப்புறம் பாக்கிப் பட்டியல்.
கடன்பட்டவர்களை எல்லாம்
ஐஸ் கம்பெனி முதலாளிக்கும் மேலே
ஏற்றி உட்காரவைத்திருந்தது.
கழித்தல் குறி முதல் பிட்டில் ஒன்றாக நிற்கிறது;
ஒன்று என்றால் பெரிது என்று நினைத்துவிட்டது, பாவம்.
அந்த ஒரு பிட்டைத் திருப்பிப் போட்டேன்.
எபநேசரின் எண்பதாயிரம்
அதன் இடத்துக்கு இறங்கி வந்தது.
கடன் அப்படியேதான்.

பெயர்களிடம் திணறினேன்.
யூனிகோடில் றன்னகரம், ந-வுக்குப் பக்கத்து வீடு.
பள்ளிக்கூடத்தில் அது கடைசி பெஞ்சு.
ஆகவே மனுவேல்
மரியாவை முந்திக்கொண்டு துறைக்குள் வருகிறது.
ழ, ள, ற, ன
நாலுக்கும் புது எடை போட்டு
அட்டவணை எழுதி முடித்தபோது
நேற்று விடிகாலை மூன்று.
காற்று திரும்பி
மணலி ஆலையின் வாசம் அறைக்குள் வந்திருந்தது.

சாவிக்குத்தான் இத்தனை ஒழுங்கு.
மதிப்புகள் எப்படியும் சுருண்டு கிடக்கலாம்,
அவற்றை யாரும் வரிசையில் நிற்கச் சொல்வதில்லை.
ஆனாலும்
மீனில்லாமல் திரும்பிய படகு, சுழியம்.
இன்னும் திரும்பாத படகு, வெறுமை.
இரண்டுக்கும் ஒரே பைட்டு வைத்திருந்தேன்,
இடம் மிச்சமாகுமே என்று.
தேசம்மா இந்த முறை சிரிக்கவில்லை.
"அத்த மாத்து" என்றாள்.
மாற்றினேன்.

எல்லாச் சாவிக்கும் தலையில்
ஒரு பைட்டு ஒதுக்கியிருக்கிறேன்:
பதிப்பு ஒன்று.
என்றைக்காவது எவளோ ஒருத்தி வந்து
இதை எழுதினவளுக்கு மூளையே இல்லை என்பாள்,
இரண்டு என்று போடுவாள்.
என்னுடையதை அழிக்க முடியாது,
பக்கத்தில்தான் எழுதவேண்டும்.

கீழே ஹாரன் அடிக்கிறான்.
எதிர்வீட்டு 16-இல் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.
அது அவர்களுடைய பழைய எண்.