சம்பளமில்லா விடுப்பில் இராயக்கோட்டை

பதினோராவது மாதம்.
பைகளின் நிறம் என்னவென்று எங்களுக்கே மறந்துவிட்டது.
கிர்கிஸ்தானில் வாயைப் பிளந்த இல்காவின் ஷூவை
பொக்காராவில் தைத்தோம்.
தருமபுரி பஸ் நிலையத்தில்
அது மறுபடி பேச ஆரம்பித்தது.
பத்து ரூபாய்ப் பசை.

நான் ராட்டர்டாமில்
ஊரார் சம்பளத்தைக் கணக்குப் போடும் மென்பொருள் எழுதுபவள்.
இல்கா பல் மருத்துவன். பிலாருக்குத் தணிக்கை.
மூன்று பேரும் அறிமுகமானது
ஏதோ ஒரு கணவாயின் பனிக்காற்றில்,
ஒரே கூடாரத்தில், ஒரே பாக்கெட் சூப்பில்.
அவர்களுக்கு இது ஐந்தாவது வெளிநாடு.
"அடுத்து உன் மலை" என்றாள் பிலார்.

என் மலையா?
பாலக்கோட்டிலிருந்து ஓசூர்க் கல்லூரிக்குப் போன
மூன்று வருடமும்
பஸ் ஜன்னலில் வந்து வந்து போனது.
ஏறியதில்லை.
ஆடு இருந்தவர்கள் ஏறினார்கள்.
காதல் இருந்தவர்கள் ஏறினார்கள்.
என்னிடம் இரண்டும் இல்லை.

மலையடிக்குத் திரும்பும் சாலையோரம்
ஒரு டெம்போ.
தக்காளியைக் கொட்டிக்கொண்டிருந்தார் ஒருவர்.
சிந்தவில்லை, கொட்டினார்.
ஒரு கிரேடு. கவிழ்த்து, அடியில் ஒரு தட்டு. அடுத்த கிரேடு.
கண்ணாடியில் திம்மராயன் என்று மஞ்சளில் எழுதியிருந்தது.
மண்டியில் இன்றைக்குக் கிரேடு அறுபதாம்.
பறிப்புக் கூலி, வண்டி டீசல்.
திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோனால்
அதற்கு வேறு டீசல்.

பிலாருக்கு முகமெல்லாம் வெளிச்சம்.
வலென்சியாக்காரி.
"எங்கள் பக்கம் வருடத்தில் ஒருநாள்
லாரி லாரியாகக் கொண்டுவந்து
ஒருவர்மேல் ஒருவர் எறிவோம், முனி!
தெருவே சிவப்பாகிவிடும். சொல்லேன் இவரிடம்!"

எத்தனை சோதனைச் சாவடிகளில் மொழிபெயர்த்திருக்கிறேன்.
அரைகுறை ரஷ்யனில், சைகையில்,
ஒருமுறை இல்காவின் வயிற்றுப்போக்கை
நோட்டில் படமாக வரைந்துகூட.

"என்னா சொல்றாங்க?"

"பழம் நல்லாருக்காம்."

"நல்லாத்தான் இருக்கும்.
வேணுங்கறத எடுத்துக்கச் சொல்லும்மா."
பிறகு, சற்றுத் தயங்கி,
"உன்னையா முனிங்குது?"
"முனிரத்னா. சுருக்கிட்டா."
"எங்கூர் முனி புளியமரத்துல இருக்குது" என்றார்.

என் பையைத் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தார்.
"பதினாலு கிலோ வரும்."
காத்மாண்டு விமான நிலையத் தராசும் அதையேதான் சொன்னது.
"வேலை?"
"லீவு. ஒரு வருசம்."
"சம்பளம்?"
"கெடையாது."
சிரித்தார்.
"அப்ப நாம ஒரே கட்சி."
நானும் சிரித்தேன். உடனே நிறுத்தினேன்.
என் வேலை நாற்காலி
அங்கே எனக்காகக் காலியாக இருக்கிறது
என்பதை நான் சொல்லவில்லை.

பாறையில் வெட்டிய படிகள்.
பாதியில் ஷூ மறுபடி பிளந்தது,
மீதியை இல்கா வெறுங்காலில் ஏறினான்,
ஒவ்வொரு படியிலும் ஃபின்னிஷில் ஒரு கெட்ட வார்த்தை.
சுனைக்கு மேலே சுவரெல்லாம் பெயர்கள்,
ஜோடி ஜோடியாக.
என் வகுப்பில் இருந்த ஒருத்தியின் பெயரும்,
பக்கத்தில் அவள் கட்டிக்கொள்ளாதவன் பெயரும்.

உச்சியில் அடுப்பைப் பற்றவைத்தோம்.
தக்காளி வெந்தது. உப்பு இல்லை.
இல்கா ஓஆர்எஸ் பொட்டலத்தைக் கிழித்துக் கொட்டினான்.
குடிக்க முடிந்தது.
ஆச்சரியம், நன்றாகவே இருந்தது.

சிக்னல் அங்கேதான் கிடைத்தது.
ஒன்றாம் தேதி சேருகிறாயா என்று ஆபீஸ் கேட்டிருந்தது,
மிக அன்பாக, இரண்டாவது முறையாக.
"எறியும் திருவிழாவைப் பற்றி
அவர் என்ன சொன்னார்?" என்றாள் பிலார்.
இரண்டுக்கும் பதில் எழுதாமல்
குவளையின் அடியை வழித்தேன்.

தண்டவாளத்தில் ஒரு சரக்கு ரயில்
தருமபுரிப் பக்கம் ஊர்ந்தது.
டெம்போ போயிருந்தது.
கீழே சாலையோரம் அந்தச் சிவப்பு,
கட்டைவிரல் நகம் அளவுக்கு.
இரண்டு மாடுகள்
அவசரமே இல்லாமல்
அதை நோக்கி நடந்துகொண்டிருந்தன.