பத்து டாலர்

ஆப்பிள் வற்றல் போடும் இயந்திரத்தில்
ஓசெல்லா ப்ரூயிட்டின் குரலைக் காயவைத்திருக்கிறேன்.
ஐம்பத்து நான்கு டிகிரி, எட்டு மணி நேரம்.
ஈரம் குடித்துப் பிசுபிசுத்துப்போன நாடா.
சூடு காட்டாமல் ஓட்டினால்
தோலுரிந்து இயந்திரத்தில் ஒட்டிக்கொள்ளும்.
உதிர்வது வெறும் துருப்பொடிதான்,
ஆனால் எந்தப் பொடி எந்தச் சொல்லென்று
யார் கண்டது.

சின்சினாட்டியில் காலையிலிருந்து பனி.
என் நிலவறை ஜன்னலில்
கணுக்கால்கள் மட்டும் வேலைக்குப் போகின்றன.

அட்டைப்பெட்டியின் மேல் பென்சில் எழுத்து:
மார்ச் 1974. ஆறு பாட்டு.
மைக்கிலிருந்து ஏழடி தள்ளி நிறுத்தவும்.
ஏழடிக்குக் கீழே இரண்டு கோடு.
அவள் 'இல்லை' என்று பாடும்போது
முள் சிவப்பைத் தாண்டிப் படுத்துவிடுமாம்.
'ஆமாம்' என்பதற்கு
நான்கடி போதும் என்று ஓரத்தில் குறிப்பு.

முதல் சுருள் ஆறியதும் கோத்து
காதில் மாட்டிக்கொண்டேன்.
ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒரு 'டப்'.
டிரம்காரனின் குச்சி என்றுதான் நினைத்தேன்.
மூன்றாவதில் பிடிபட்டது:
கைப்பை. பித்தளைக் கொக்கி.
நோட்டுகளை எண்ணுகிறாள், மூடுகிறாள்,
மூச்சு இழுக்கிறாள்,
அதற்குப் பிறகுதான் பாட்டு.
எங்கோ ஒரு கண்ணாடி டம்ளர் அதிர,
ஆர்கன்காரன் ஒரு கட்டையைத் தவறவிட,
அவள் நிற்கவில்லை.
அவன் அல்லவா ஓடிவந்து சேர்ந்துகொள்ள வேண்டும்.

நான்காவது பாட்டு எல்லோருக்கும் தெரியும்.
கடைசி வரி,
பாதிச் சொல்லில் குரல் அறுபடும்.
இரண்டு நொடி ஒன்றுமே இருக்காது.
இசைத்தட்டு அங்கே முடிந்துவிடும்.
துக்கம் தொண்டையை அடைத்த இடம் என்றார்கள் வானொலியில்.
அந்த இரண்டு நொடிக்காகவே வாங்கியவர்கள் உண்டு.
என் அப்பா வாங்கினார்.
பகலெல்லாம் இரும்புத்தகடு வளைக்கும் அழுத்த இயந்திரம்,
இரவில் இது.
அந்த இடம் வரும்போது
முட்டை பொரிக்கும் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்.
அம்மா போன வருடம்
அந்த இடம் வருவதற்குள் எழுந்து
வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

நாடா அங்கே முடியவில்லை.

இந்தப் பாட்டுக்கு முன்னால் 'டப்' இல்லை.
நேரமாகிவிட்டதுபோல.
பையைத் துணைப்பாடகி வில்லடீனிடம் கொடுத்துவிட்டு
நம்பிக்கையில் தொடங்கியிருக்கிறாள்.
முதல் சரணத்துக்கு அடியில்
காகிதம் சரசரக்கிறது.
இரண்டாம் சரணத்தில் நின்றுவிடுகிறது.
கடைசி வரியில், கோரஸுக்குள் ஒளிந்து, ஒரு கிசுகிசுப்பு:
'பத்து குறையுது, ஓசீ.'

அறுபடுகிறது.
அந்த இரண்டு நொடி.
பிறகு, கோபமே இல்லாமல்,
ஏழடி தூரத்திலிருந்து முள்ளைப் படுக்கவைத்தபடி:

'மிஸ்டர் கெஸ்லர்.
பத்து டாலர் குறைகிறது.'

யாரோ சிரிக்கிறார்கள். அடுத்த வாரம் என்கிறது ஓர் ஆண்குரல்.
நாற்காலி நகர்கிறது.
குதிகால் செருப்பு, அவசரமில்லாமல்,
கதவுவரை பதினோரு அடி. எண்ணினேன்.
நாடா தீர்ந்து சக்கரம் வெறுமனே சுற்றுகிறது.

கெஸ்லர் அந்த மௌனத்தை
இரண்டு லட்சம் பிரதி விற்றான்.

அப்பாவுக்குப் போன் செய்தேன்.
எண்பத்து மூன்று வயது, காது மந்தம்,
இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.
நெடுநேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை.
சொல்லியிருக்கக் கூடாதோ,
அவருக்கென்று இருந்த ஒன்றையும்
பிடுங்கிவிட்டேனோ என்று இருந்தது.

'கொடுத்தானா?' என்றார்.

அடுத்த சுருள் இன்னும் காயவில்லை அப்பா,
மூன்று மணி நேரம் ஆகும் என்றேன்.

'வைக்காதே,' என்றார்.
'இருக்கிறேன்.'