முப்பத்தொன்பதாம் இதழ்

கெல்லன் அதிகம் பேசமாட்டான் என்று
வாசகர் கடிதங்களில் எழுதுவார்கள்.
ஒரு தோட்டா, ஒரு சொல் என்று
காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் வெண்பாவே அனுப்பினார்.
நடந்தது இதுதான்:
இத்தாலியக்காரனின் பலூன் சிறியது.
தமிழ் நீளம்.
வெள்ளைப் பூச்சு காய்ந்து கோடு கிழித்தால்
மிஞ்சுகிற இடத்தில் 'ம்' மட்டும்தான் உட்காரும்.

சூளை நெடுஞ்சாலை, அரிசி மண்டிக்கு மேல்மாடி.
முதல் இதழ் எழுபத்துமூன்று ஆகஸ்ட்,
தொண்ணூறு பைசா.
வண்ணம் அட்டையில் மட்டும்,
உள்ளே தினசரிக்காரர்கள் கழித்த தாள், கறுப்பு மை,
கறுப்பு தீர்ந்த பக்கங்களில் ஊதா.
முதலாளி தணிகாசலத்துக்கு இத்தாலியன் தெரியாது.
எனக்கும்.
'படத்தப் பாரு ஹெப்சிபா,
எவன் தொப்பியக் கழட்றானோ அவன் நல்லவன்.'
அந்த ஒற்றை இலக்கணத்தை வைத்து
முப்பத்தெட்டு இதழ் எழுதினேன்.
முதல் பக்கத்தில் 'தமிழில்: தணிகை' என்று வந்தது.

ஏழாம் கதை ஐந்தாம் கதைக்கு முன்னால் வந்துவிட்டது.
ஐந்தின் பார்சல் துறைமுகச் சுங்கத்தில் கிடந்தது.
ஏழில் செத்த ஷெரீப்
ஐந்தில் காலாட்டிக்கொண்டு காபி குடிக்கிறான்.
ராத்திரியோடு ராத்திரியாக
அவனுக்கு ஓர் இரட்டைச் சகோதரனைப் பெற்றேன்.
பதினெட்டில் நெகட்டிவ் திரும்பிப்போய்
கெல்லன் எட்டுப் பக்கம் இடது கையால் சுட்டான்.
வலது தோளில் காயம் என்று
ஒரு பலூன் ஒட்டினேன்.
இருபத்திரண்டுக்கும் இருபத்துமூன்றுக்கும் நடுவே
பதினாலு மாதம்.
முதலாளி மகள் கல்யாணம், அப்புறம் அதன் கடன்.
மெஷின் தேர்தல் சுவரொட்டி அடித்துக்கொண்டிருந்தது.

முப்பத்தெட்டின் பின்னட்டையில் விளம்பரம்:
அடுத்து, 'தூக்குமேடையில் ஒரு மதியம்'!
கையில் படம் இல்லை,
பழைய குதிரையையே திருப்பிப் போட்டோம்.
கதையும் இல்லை.
தலைப்பு மட்டும் இருந்தது, நான் எழுதியது.
அந்த மாதம் மெஷினை எடைக்குப் போட்டார்கள்.
நான் பல்லாவரத்தில்
வினாத்தாள் பிழைதிருத்தப் போனேன்.

இந்த ஜனவரி, நந்தனம் மைதானம், புத்தகக் காட்சி.
கெட்டி அட்டை, வழவழத் தாள், முழு வண்ணம்,
ஆயிரத்து இருநூறு ரூபாய்.
'மூலத்திலிருந்து நேரடியாக' என்று சிவப்புப் பட்டை.
பிரித்தேன்.
பலூன்கள் அதே அளவுதான்,
எழுத்துதான் கம்ப்யூட்டரில் எறும்பாகியிருந்தது.
கெல்லன் பேசுகிறான்.
கட்டத்துக்குக் கட்டம் பேசுகிறான்,
அம்மாவைப் பற்றி, லாடத்தின் விலையைப் பற்றி,
கடவுள் கணக்கில் கறாரானவரா என்பது பற்றி.
எட்டாம் பக்கத்திலேயே தெரிந்துபோயிற்று:
அவன் குதிரைத் திருடன்.
நான் வில்லனாக்கிய மீசைக்காரன்
தன் குதிரையைத் தேடி வந்தவன்.
தொப்பியைக் கழற்றியது
வியர்வை துடைக்க.

பக்கத்தில் ஒருவர்,
சட்டைப்பையில் குடிநீர் வாரிய அடையாள அட்டை,
முப்பத்தொன்பது இருக்கா என்றார்.
அப்படி ஒண்ணு கிடையாது சார், என்றான் கடைப்பையன்.
'விளம்பரம் வந்துச்சேப்பா. வெட்டி வெச்சிருக்கேன்.'
அது வரவே இல்லைங்க, என்றேன் நான்.
'தெரியும்மா. ஆனா அதுல என்ன நடக்கும்னும் தெரியும்.'
சொல்லத் தொடங்கிவிட்டார்,
பின்னாலிருந்து கூட்டம் பையால் இடிக்க இடிக்க.
கயிறு. மழை. கூட்டத்தில் மீசைக்காரன்.
பிறகு கெல்லனின் கடைசிப் பேச்சு,
கண்ணை மூடி, ஒரு சொல் தடுக்காமல்,
ஒரு முழுப் பக்க நீளத்துக்கு.

நன்றாகத்தான் இருந்தது.
அவ்வளவும் பலூனில் அடங்காது என்றேன்.