முடிந்த வினைக்கு நிகழ்காலம் இல்லை

செவ்வாய்க்கிழமை. யிஹ்லாவா நூலகத்தின் மேல்மாடி.
ரேடியேட்டர் மேல் எங்கள் கையுறைகள் காய்கின்றன.
க்வியெதா, என் மகளைவிட நாலு வயது இளையவள்,
பலகையில் எழுதுகிறாள்:
தியெலாம், தியெலாஷ், தியெலா.
செய்கிறேன், செய்கிறாய், செய்கிறாள்.

என் மங்கோலியத்தில் யார் செய்தாலும் ஒரே செய்தல்.
நான் போனாலும் நீ போனாலும் குதிரை போனாலும்
வினைக்கு முகம் கிடையாது.
வாக்கியத்தின் கடைசியில் வந்து
கதவைச் சாத்தும், அவ்வளவுதான்.
இங்கே ஆறு வால்.
பகலெல்லாம் ஹெட்லைட்டுக்கு ரப்பர் வளையம் மாட்டும் விரல்
ராத்திரி வால் மாட்டப் பழகுகிறது.

'இரு' என்ற சொல்லே ஓரிடத்தில் இருக்கமாட்டேன் என்கிறது.
அகராதியில் பீத்.
பேச்சில் செம், சி, யெ.
செம்முக்கு முன்னால் எழுத்தில் ஒரு யகரம் உண்டு,
வாய்க்குள் அதற்கு அனுமதி இல்லை.
அதை மட்டும் எனக்கு உடனே புரிந்தது.

பூச்சு வேலை பார்க்கும் ஓஸ்தாப்புக்குப்
பாதி வார்த்தைகள் பாட்டன் சொத்து.
க்வியெதா கசகசா ரொட்டியைப் பிரித்து
"வொன்யீ" என்றாள்: மணக்கிறது.
அவன் மேசையைத் தட்டிச் சிரித்தான்,
எங்கள் ஊரில் அது நாறுகிறது என்று.
நாறுவதில் மூன்று துண்டு தின்றான்.

புத்தகத்தில் இருந்த ஆணின் வாக்கியத்தை
அப்படியே மனப்பாடம் செய்து
மேற்பார்வையாளர் வ்ர்தலிடம் ஒப்பித்தேன்:
நேற்று இரண்டு ஷிப்ட் வேலை செய்தான் நான்.
அவர் சிரிக்கவில்லை.
பேனாவைக் காதில் செருகியபடி
"லா" என்றார், "வொவாலா".
இன்று வேலை செய்கையில் யாரும் கேட்பதில்லை,
நேற்றைச் சொல்லும்போது மட்டும்
பெண்ணாக இருக்க வேண்டுமாம்.

ஏப்ரலில் மூன்று வாரம் தார்கான் போகிறேன்.
திரும்புவாயா என்று கேட்டார் வ்ர்தல்.
அதற்கு இரண்டு சொல் இருக்கிறதென்று
அன்று மாலைதான் தெரிந்தது.
வ்ரட்ஸீம் செ: திரும்பிக்கொண்டே இருக்கிறேன்.
வ்ராத்யீம் செ: ஒருமுறை, முழுசாக, திரும்பிவிடுவேன்.
முடிந்த வினைக்கு நிகழ்காலம் இல்லை என்றாள் க்வியெதா.
இன்றைய சட்டை போட்டிருக்கும்,
பொருள் நாளைக்கு.
இரண்டையும் எழுதிக்கொண்டேன்.
எந்தப் பக்கம் திரும்புவது என்று
இரண்டும் சொல்லவில்லை.

வகுப்பு விட்டது. டிராலி பஸ் ஒன்று போய்விட்டது,
அடுத்தது பதினெட்டு நிமிடம் கழித்து.
நிறுத்தத்தில் இரண்டு பைகளோடு ஒரு பெண்,
மூக்கைத் துடைத்துக்கொண்டு, என்னிடமா பனியிடமா தெரியாமல்,
"யெ மி ஸிமா" என்றாள்.
எனக்குக் குளிர்கிறது.
'எனக்கு.'
எங்கள் வீட்டிலும் குளிர் அப்படித்தான் வரும்,
யாரும் அதைச் செய்வதில்லை.

ஆறு வாலையும் அவசரமாகத் தேடினேன்.
பிறகு வாய் தானாகச் சொன்னது:
"ம்ன்யெ தக்கி."
எனக்கும்.

அவள் ஒரு பையைத் தூக்கி மடியில் வைத்து
பெஞ்சில் இடம் விட்டாள்.
உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன்,
நான் சொன்னதில் வினையே இல்லை.