பக்கம் நாற்பத்தொன்று

தோட்டத்து ஆப்பீசை இடித்த அன்று
பழைய இரும்பு ஏற்றிய லோரியில்
மூன்று செக்ரோல் புத்தகங்கள் கிடந்தன.
எட்டு வெள்ளி கொடுத்து இறக்கினேன்.
உப்புக் காற்று ஓரங்களைத் தின்றிருந்தது;
பெயர்கள் நடுவில் இருந்ததால் பிழைத்தன.

சுங்கை நிப்பா பஸ் நிலையத்தில் என் நகல் கடை.
பக்கத்துக்கு இருபது சென்.
இதற்கு யாரிடம் கேட்பது?
இரண்டு டப்பா மை என் கணக்கில்.

கிராணி ஆங்கிலத்தில் கிறுக்கியதில்
செங்கமலம் சங்கமாலி ஆகியிருந்தாள்.
கடலோரப் பண்டு உடைந்த வாரம்
நாற்பது பேருக்கு நேரே சைபர்.
இடுப்பளவுத் தண்ணீரில்
மண்மூட்டை சுமந்தவர்கள்
வேலைக்கு வரவில்லையாம்.

சிவப்பு அடையாள அட்டையோடு
பொன்னுரங்கன் வந்தார், தாயின் பெயரைத் தேடி.
கிடைத்தது. பேசாமல்
அந்த வரியை விரலால் மூடிக்கொண்டார்.

மறுநாள் ஞானப்பிரகாசம்.
"நாற்பத்தொன்றை மட்டும் விட்டுரு தம்பி.
மகனுக்குப் பெண் பார்க்கிறோம்."
அவர் அப்பா பெயர். தேங்காய் ஏழு, திருட்டு,
அபராதம் ஒரு வெள்ளி.

மிஷின் மூடியைத் திறந்தே வைத்திருந்தேன்.
வெளிச்சம் ஒருமுறை எங்கள் முகத்தில் ஓடியது.
என்ன சொல்வதென்று தெரியாமல்
தேதியைக் காட்டினேன்.
சைபர் வாரத்துக்கு அடுத்த செவ்வாய்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மறுபடி படித்தார்.
ஏழு பிள்ளைகள் நாங்க, என்றார்.

அப்புறம்
சட்டைப் பையில் சில்லறை தேடிக்கொண்டே:
"எழுத்து மங்கலா இருக்கு.
கொஞ்சம் கறுப்பா விழற மாதிரி போடு."