தோள் பதினைந்தரை

ஃபுளோரன்ஸ் அக்கா மறுபடியும் கேட்கிறார்:
தலைப்பு வந்துவிட்டது, குறிப்புகள் எங்கே?
"வேதத்துத் தாய்மார்: நமக்கு ஏழு பாடங்கள்."
மாதர் கூட்டம், ஞாயிறு, ஆராதனை முடிந்து.
எனக்கு இருபது நிமிடம்.
அதற்குப் பிறகு மீகூன்.

ஏழு வரவில்லை அக்கா.
ஒரே கேள்வியில் நிற்கிறேன்,
மூன்று நாளாக, பாயான் லெப்பாசில்,
நுண்ணோக்கிக்கு அடியில் சில்லுகள் நகர்ந்துகொண்டிருக்க.

அன்னாளுக்கு அளவு யார் சொன்னது?

வருஷத்துக்கு ஒரு தரம் சீலோவுக்குப் போனாள்.
ஒவ்வொரு தரமும் ஒரு சின்னச் சட்டை
தைத்து எடுத்துக்கொண்டு போனாள்.
அவ்வளவுதான் எழுதியிருக்கிறது.
எழுதினவர் ஊசி பிடித்தவர் இல்லை போல.
போன வருஷம் இடுப்புயரம் நின்ற பிள்ளை
இந்த வருஷம் எதுவரை நிற்கிறான் என்று
ராமாவில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு எப்படித் தெரியும்?
ஆள் விட்டு ஏலியைக் கேட்டிருக்கலாம்.
அவர் ஆண்பிள்ளை,
"நன்றாக இருக்கிறான்" என்றிருப்பார்.

வீட்டிலேயே அளந்திருப்பாள்.
யாரை?
பெனின்னாளின் பிள்ளைகளை.
ஆமாம், அந்தப் பெனின்னாள்தான்.
"உன் நடுவுள்ளவனைக் கொஞ்சம் அனுப்பு" என்று
எந்த வாயால் கேட்டாளோ.

நான் மைக்ரோன் பார்க்கிறவள்.
தலைமுடியை நூறாகப் பிளந்து
அதில் ஒரு துணுக்கு கோணினாலும் ஒதுக்கிவிடுவேன்.
ரெனால்டின் கை நீளம் எனக்குத் தெரியாது.

ஈப்போவில் இருக்கிறான், அப்பாவோடு.
வருஷக் கடைசி விடுமுறையில் பத்து நாள் எனக்கு.
அன்னாள் கொடுத்தாள், அக்கா.
நான் கையெழுத்துப் போட்டேன்.
இதைச் சபையில் சொல்லலாமா என்று
பாஸ்டரிடம் நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்.

ஜனவரியில் அவன் முதலாம் படிவம்.
நீலக் காற்சட்டை முடிந்தது, இனிப் பச்சை.
கொம்தாரில், நாடாவைக் கழுத்தில் மாலையாகப் போட்டிருந்த கடைக்காரச் சீனத்தி
"பெராப்பா உமூர்?" என்றாள்.
வயசைச் சொன்னேன்.
"பெசார்? கெச்சில்?"
பெரிய உடம்பா, சின்னதா.
பக்கத்தில் யாரோ ஒருத்தியின் மகன்
வெள்ளைச் சட்டைக்குள் தலை சிக்கி, கை இரண்டும் மேலே தூக்கி
அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தான்.
அவள் சிரித்துக்கொண்டே இழுத்தாள்.
இவ்வளவு இருப்பானா? இதற்கும் மேலா?
வாங்காமல் வந்துவிட்டேன்.

பட்டர்வொர்த் படகில் நல்ல காற்று.
கம்பியில் முழங்கை ஊன்றி நின்ற பையனை
நான் பார்த்த பார்வையில்
அவன் அக்காளிடம் நெருங்கிப் போனான்.

நடுக்கடலில் மார்லினுக்கு எழுதினேன்.
அவருடைய இப்போதைய மனைவி.
நாலு வருஷத்தில் முதல் தடவை.
வணக்கம் போட்டேன், அழித்தேன்,
நலமா என்று போட்டேன், அதையும் அழித்தேன்.
கடைசியில் வெறும்
"ரெனால்ட் சட்டை அளவு வேணும்."
இரண்டு நீலக் குறி. பதில் இல்லை.
படகு துறையில் இடித்து நின்றது.
எல்லாரும் இறங்கிய பிறகும் உட்கார்ந்திருந்தேன்.

இரவு பதினொன்றேகாலுக்கு வந்தது:
தோள் பதினைந்தரை.
கை அளக்க விடமாட்டேங்கிறான், கூச்சப்படுறான்.
கொஞ்ச நேரம் கழித்து, தனியாக இன்னொரு வரி:
ஒரு சைஸ் பெருசா எடுங்க. கிடுகிடுன்னு வளர்றான்.

யோகெபேத்தைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன்,
சொந்தப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக் கூலி வாங்கினவள்.
ஆகாரைப் பற்றியும்.
ஓர் அம்பு பாயும் தூரத்தில்
முகத்தைத் திருப்பி உட்கார்ந்தாளே,
அந்தத் தூரம்
ஈப்போவுக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரம்.
இருபது நிமிடத்துக்குள் அடங்காது, விடுங்கள்.

திரையில் போட ஏழு வேண்டாம் அக்கா.
பெனின்னாள் என்று ஒரு பெயர் போதும்.
கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன்.

பச்சைக் காற்சட்டைக்கு இடுப்பளவு
கேட்க மறந்துவிட்டேன்.
இன்னொரு தடவை எழுத வேண்டும்.
இந்தத் தடவை வணக்கத்தோடு.